விற்பனைப் பொறியும் புதிய நாணயத்தாளும்: ஒரு நோக்கு

2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் புதிய ஐந்து டொலர்த் தாள் புழக்கத்துக்கு விடப்பட்டது. முன்னைய தாளிலிருந்த ஆபிரகாம் லிங்கனே இதிலும் இருந்தார். நடுப்பகுதியில் மெல்லிய ஊதா நிறம் படர்ந்திருந்தது. பின்புறத்தின் வலது கீழ்மூலையில் பெரியதோர் ஐந்து ஊதா நிறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தாளின் நீள அகலங்களில் மாற்றம் எதுவுமில்லை. கடையிலே காசு வாங்கும் ஒருவர் இதனை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மேசைக்குள் போட்டுக்கொள்வார். ஆயின், இத்தாளுக்கெனத் திருத்தப்படாத விற்பனைப் பொறி ஒன்று அதனை உள்ளிழுத்து, ஓரிரு கணம் தாமதித்து, வந்த வழியே வெளியே தள்ளிவிடும். எத்தனை முறை நேராக்கி, மடிப்பு நீவி, திருப்பிக் கொடுத்தாலும் விளைவு அதுவே. அரசு அச்சிட்டது, மத்திய வங்கி வழங்கியது, சட்டம் ஏற்றுக்கொண்டது, மக்கள் மறுக்காதது ஆகிய ஒரு தாளை இரும்புப் பெட்டியொன்று மறுத்துவிடுகிறது.

இதனை வெறும் தொழில்நுட்பக் கோளாறு எனக் கொண்டு கடந்துசெல்வது இலகு. ஆனால் அந்தப் பெட்டி ஏன் மறுக்கின்றது, அதனை ஏற்கச் செய்வதற்கு யார் என்ன செய்யவேண்டியுள்ளது, அதற்கான செலவு எவர் தலையில் விழுகின்றது என்று தொடர்ந்து கேட்டுச் செல்வோமாயின், பணம் எனும் சமூக உறவின் ஒரு பக்கம் நமக்குத் தெளிவாகின்றது. மனிதரிடையே பணம் செல்லுபடியாவது ஒருவர் மற்றவர்மீதும், இருவரும் அரசின்மீதும் கொண்டுள்ள நம்பிக்கையினாலாகும். பொறிக்கு இந்நம்பிக்கை கிடையாது. அதனிடம் உள்ளது பழைய தாள்களை அளந்து பெற்ற சில எண்கள் மாத்திரமே. அவ்வெண்களோடு பொருந்துவது பணம். பொருந்தாதது வெறும் காகிதம். எனவே அரசு தன் தாளை மாற்றும்போதெல்லாம் பொறிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டியுள்ளது. கற்பிக்கும் செலவு பெரிதாகும்போது, தாளையே மாற்றாது விட்டுவிடுவோம் என்னும் எண்ணம் தலைதூக்குகின்றது. பொறி பணத்துக்கேற்ப அமைவது போய், பணம் பொறிக்கேற்ப அமையத் தொடங்குகின்றது. இதுவே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் கருவியை நோக்குவோம். விற்பனைப் பொறியின் முகப்பிலே தாளைச் செலுத்தும் ஒடுங்கிய வாய்க்குப் பின்னால் உள்ள சோதனைக் கருவியைத் தொழிலில் உள்ளோர் வலிடேற்றர் என அழைப்பர். வாயில் தாளின் விளிம்பு நுழைந்ததும் ஓர் ஒளிக்கற்றை தடைப்படுகின்றது. சிறு மோட்டர் இயங்குகின்றது. றப்பர்ப் பட்டிகளோ உருளைகளோ தாளைப் பற்றிச் சீரான வேகத்தில் உள்ளே இழுக்கின்றன. தாள் நகரும் வழியின் மேலும் கீழும் ஒளியுமிழும் சிறு விளக்குகளும் ஒளியுணரிகளும் பொருத்தப்பட்டுள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளோடு கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியும் தாளின்மீது பாய்ச்சப்படுகின்றது. எவ்வளவு ஒளி ஊடுருவுகின்றது, எவ்வளவு தெறிக்கின்றது என்பன தாளின் நீளம் முழுவதும் புள்ளி புள்ளியாக அளக்கப்படுகின்றன. சில கருவிகளில் ஊதாக்கடந்த ஒளியும் உண்டு. சாதாரண வெள்ளைக் காகிதம் அவ்வொளியிற் பளிச்சிடும், நாணயத்தாளின் பருத்திநார்க் காகிதம் மங்கலாகவே இருக்கும். அமெரிக்கத் தாள்களின் முன்பக்கக் கறுப்பு மையிலே காந்தத்தன்மை உள்ளது. ஒலிப்பதிவு நாடாவைப் படிக்கும் தலை போன்றதொரு காந்தத்தலை அந்த மை எங்கெங்கே தடித்து, எங்கெங்கே மெலிந்து உள்ளது என்பதைப் படிக்கின்றது.

இவ்வளவும் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிந்துவிடும். கிடைத்த அளவீடுகள் நினைவகத்தில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடப்படும். ஐந்து டொலர் முன்பக்கம் மேலாக, இடது விளிம்பு முதலாக. ஐந்து டொலர் பின்பக்கம் மேலாக, வலது விளிம்பு முதலாக என ஒவ்வொரு தாளுக்கும் அது நுழையக்கூடிய திசைகள் அனைத்துக்கும் தனித்தனி மாதிரிகள் தேவை. பொருத்தம் போதுமாயின் தாள் இடைநிலையில் நிறுத்திவைக்கப்படுகின்றது. வாங்குவோர் பொருளைத் தெரிந்ததும் தாள் பின்னாலுள்ள பெட்டிக்குள் அடுக்கப்படுகின்றது. அதன் பின்னர் திரும்பி வராது. தாளில் நூலைக் கட்டி உள்ளே விட்டுப் பின்னர் இழுத்தெடுக்கும் கைத்திறன் ஒரு காலத்தில் பலருக்குக் கைவந்திருந்தமையால், போன தாள் மீளாதபடி தடுக்கும் சிறு நெம்புகோலும் இக்கருவியில் இடம்பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கருவி லிங்கனைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் படிப்பதில்லை, தொடரிலக்கத்தையும் பொருட்படுத்துவதில்லை. நாம் தாளை அடையாளம் காணும் குறிகள் எவையோ, அவை பெரும்பாலும் அதற்குக் குறிகளல்ல. அதற்குக் குறியாகும் செந்நிறக்கீழ் ஒளிவேறுபாடுகளும் காந்தத் தடங்களும் நமக்குத் தெரிவதே இல்லை. அண்மைக்கால அமெரிக்கத் தாள்களின் பின்புறப் பச்சை அச்சு, செந்நிறக்கீழ் ஒளியில் நோக்கும்போது சில பட்டைகளில் மறைந்தும் ஏனையவற்றில் நிலைத்தும் தோன்றும். பட்டைகளின் இடம் தாளின் பெறுமதிக்கேற்ப வேறுபடும். ஒரே தாளில் மனிதருக்கென ஒரு தாளும் பொறிக்கென மற்றொரு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டுள்ளன எனலாம்.

பொருத்தம் எவ்வளவு இருந்தாற் போதும் என்னும் வினாவும் எழுகின்றது. எல்லையைத் தளர்த்தினால் போலித்தாள் நுழையும். இறுக்கினால் நல்ல தாள் திரும்பும். இவ்விருவகைத் தவறுகளையும் ஒருங்கே ஒழிக்க முடியாது; ஒன்றைக் குறைக்க மற்றது கூடும். போலித்தாள் நுழைந்தால் நட்டம் பொறியின் உரிமையாளருக்கு. நல்ல தாள் திரும்பினால் அலைச்சல் வாங்குவோருக்கு. எல்லையை நிர்ணயிப்பவரோ கருவியைச் செய்து உரிமையாளருக்கு விற்கும் கம்பனியார். ஆகவே எல்லை எப்பக்கம் சாயும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கசங்கி, நனைந்து, பல கை மாறிய தாளே அதிகம் திருப்பப்படுகின்றது. வங்கியிலிருந்து புதிதாக எடுத்த தாள் வைத்திருப்பவனுக்குப் பொறி மரியாதையாக நடந்துகொள்கின்றது என்பதையும் இடையிலே சொல்லிவைக்கலாம்.

இத்தகைய கருவிக்குப் புதிய தாள் ஒன்றைக் கற்பிப்பது எவ்வாறு? முதலில் கருவியைச் செய்யும் கம்பனிக்கு உண்மையான புதிய தாள்கள் வேண்டும். அதுவும் பெருந்தொகையாக வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் தாள்கள் அனைத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மை சற்று அடர்ந்தும் ஐதாகவும் இருக்கும். வெட்டிய விளிம்பு மயிரளவு முன்பின்னாகும். இவ்வேறுபாடுகளின் வீச்சை அறிந்தாலன்றி எல்லை வகுக்கவியலாது. அத்தோடு அமெரிக்கா பழைய தாள்களைச் செல்லாதவையாக்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1996இல் தொடங்கிய மாற்றத்தில் உருவப்படம் பெரிதாக்கப்பட்டு நடுவிலிருந்து விலக்கப்பட்டது. அவ்வடிவில் இருபது டொலர்த் தாள் 1998இலும், பத்து, ஐந்து டொலர்த் தாள்கள் 2000ஆம் ஆண்டிலும் வந்தன. பின்னர் நிறம் சேர்ந்த வடிவம் இருபது டொலருக்கு 2003இலும், பத்து டொலருக்கு 2006இலும், ஐந்து டொலருக்கு 2008இலும் வந்தது. ஆகவே இருபது டொலர் எனும் ஒரே பெறுமதிக்கு மூன்று முகங்களைப் பொறி நினைவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. புதியதைக் கற்பித்தல் என்பது பழையதை அழித்தலன்று, மேன்மேலும் சேர்த்தலாகும். பழைய கருவிகளின் சிறிய நினைவகம் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடுகின்றது. அதன் பின்னர் கருவியையே மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

நினைவகத்தில் இடமிருக்குமாயின் வேலை இலகுவானதே. முற்காலக் கருவிகளில் செய்நிரல் பதிந்த சில்லைக் கழற்றிப் புதியதைச் செருகினர். பிற்காலத்தவற்றில் கையடக்கக் கருவியையோ நினைவக அட்டையையோ இணைத்துப் புதிய செய்நிரலை ஏற்றினர். ஆயின் இதனாலும் தாள் ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை; இவ்விடத்தில்தான் அனுபவமற்றோர் பலர் தடுமாறுவர். கருவி அறிந்த தாள்கள் யாவற்றையும் அது ஏற்றுக்கொள்வதில்லை. எவற்றை ஏற்கலாம் என்பது தனியே அமைக்கப்படவேண்டும். சில கருவிகளின் பக்கத்தில் அதற்கெனச் சிறு ஆளிகளின் வரிசை இருக்கும். வேறு சிலவற்றுக்குக் காகிதச் சீட்டு ஒன்றிலே வேண்டிய கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, நாணயத்தாளைச் செலுத்துவது போலவே வாயிற் செலுத்த வேண்டும். கருவி அதனைப் படித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். பரீட்சை விடைத்தாள் போன்ற இச்சீட்டு இத்தொழிலின் விநோதங்களுள் ஒன்று. இவற்றுக்கும் மேலாக, பொறியின் மையக் கட்டுப்பாட்டுப் பலகையும் உடன்பட வேண்டும். 1990களிலிருந்து பரவலான எம்.டி.பி. எனும் பொதுத் தொடர்புமுறையில் இன்ன தாளை ஏற்கலாம், இன்னதை ஏற்கலாகாது எனச் சோதனைக் கருவிக்குக் கட்டளையிடுவது அப்பலகையே. சோதனைக் கருவி இருபது டொலரை நன்கறிந்திருந்தும், பலகை அனுமதியாவிடின் அதனைத் திருப்பியே அனுப்பும். வெளியே நிற்பவருக்கு அறியாமையும் அனுமதியின்மையும் ஒன்றுபோலவே தோன்றும்.

பலகை ஏன் அனுமதிப்பதில்லை? பெரிய பெறுமதியுடைய தாள்களின் சிக்கல் இதுவே. ஒன்றரை டொலர்ப் பானத்துக்கு ஒருவர் இருபது டொலர் செலுத்தினால் பதினெட்டரை டொலர் மீதியாக வேண்டும். அதனைக் கால் டொலர் நாணயங்களாகக் கொடுப்பின் 74 நாணயங்கள் தேவை. ஒவ்வொன்றும் 1.75 மில்லிமீற்றர் தடிப்புடையதாகையால், அடுக்கினால் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் உயரமாகும். பொறியின் உள்ளே சில்லறை வைத்திருக்கும் குழாய்களோ குறுகியவை. ஒரே கொடுக்கல்வாங்கலிற் குழாய் வெறுமையாகிவிடும். அடுத்து வருபவர் ஒரு டொலரைச் செலுத்தினாலும் மீதி கொடுக்க இயலாது; ‘சரியான சில்லறை இடுக’ என்னும் விளக்கு எரியும். விற்பனையின் நோக்கமே கெட்டுவிடும். அதுவுமன்றிச் சில்லறை தேவைப்படும் எவரும் பானம் வாங்கும் பாவனையில் இருபது டொலரை மாற்றிக்கொள்ளலாம். போலித்தாள் வைத்திருப்பவனுக்கும் சிறு பொறியிற் பெருந்தாளை மாற்றுவதே இலாபம்.

இதற்குத் தீர்வாக வந்தது தாளை மீள வழங்கும் கருவி. இது ஏற்றுக்கொண்ட ஒரு டொலர் அல்லது ஐந்து டொலர்த் தாள்களிற் சிலவற்றை உருளையிற் சுற்றியோ தனிப்பெட்டியில் அடுக்கியோ வைத்திருந்து, பெருந்தாள் வரும்போது அவற்றை மீதியாக வெளியே தரும். மேற்சொன்ன உதாரணத்தில் மூன்று ஐந்து டொலர், மூன்று ஒரு டொலர், இரண்டு கால் டொலர் நாணயங்கள் போதும். கருவி நல்லதே, ஆனால் சாதாரண வலிடேற்றரிலும் விலை கூடியது. ஒரு போத்தலில் சில சதங்கள் மாத்திரம் மிஞ்சும் சிறு உரிமையாளர், எத்தனை போத்தல் விற்றால் இச்செலவு தீரும் எனக் கணக்குப் பார்த்துப் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார். அட்டை மூலம் பணம் பெறும் கருவியைப் பொருத்திவிட்டுத் தாளை மறப்பது பலருக்கு எளிதாயிற்று. வங்கிக்கணக்கு இல்லாத வறியவர்கள் அதன் பின்னர் அப்பொறியின் முன்னால் நிற்பதிற் பயனில்லை.

செலவு பற்றிய கணக்கு உரிமையாளரின் கொப்பியோடு நின்றுவிடவில்லை; நாட்டின் சட்டப் புத்தகத்தினுள்ளும் புகுந்தது. அமெரிக்க ஒரு டொலர்த் தாளின் இன்றைய வடிவம் 1963இல் வந்தது. ஏனைய பெறுமதிகள் யாவும் 1996இன் பின்னர் மாற்றமடைந்திருக்க, ஒரு டொலரும் அரிதாய்ப் புழங்கும் இரண்டு டொலரும் மாத்திரம் மாறவில்லை. ஒரு டொலரைப் போலியாக அச்சிடுவது இலாபமற்றது என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் வெளிப்படையானது: ஒரு டொலர்த் தாளின் வடிவத்தை மாற்றுவதற்கு நிதி செலவிடலாகாது என்னும் வாசகம் காங்கிரசின் வருடாந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஆண்டுதோறும் இடம்பெற்று வருகின்றது. இதனால் நன்மையடைவோரில் விற்பனைப் பொறித் தொழிலினர் முதன்மையானோர் என்பது வெளிப்படை. ஒரு டொலர்த் தாளே அவர்களது பொறிகளின் அன்றாட உணவு. அது மாறினால் நாடெங்குமுள்ள பொறிகள் அனைத்தையும் திறக்க வேண்டிவரும். கள்ளப்பணத்தைத் தடுக்க நாணயம் மாறவேண்டும் என்று அரசே சொல்லிக்கொண்டிருக்கையில், ஒரு தாள் மட்டும் மாறலாகாது எனச் சட்டம் விலக்கு அளிக்கின்றது. இவ்விலக்கில் பொறியின் நிழல் விழுந்திருப்பதை மறுப்பதற்கில்லை.

நாணயத்திலும் இதனையொத்த வரலாறு உண்டு. 1979இல் வெளியான சூசன் பி. அந்தனி டொலர் நாணயம் கால் டொலருடன் குழம்பக்கூடியதாயிருந்தமையால் மக்களிடையே எடுபடவில்லை. 2000ஆம் ஆண்டில் சக்காஜவேயா நாணயம் பொன்னிறத்தில் வெளியிடப்பட்டது. மனிதக் கண்ணுக்கு வேறாகத் தெரியவேண்டும். பொறிக்கோ பழையதாகவே தெரியவேண்டும்! ஆகவே பழைய நாணயத்தின் மின்காந்த இயல்பையே ஒத்திருக்கும்படி அதன் உலோகக் கலவை அமைக்கப்பட்டது. பழைய டொலர் நாணயத்தை ஏற்ற பொறிகள் புதியதையும் அதுவென்றே எண்ணி விழுங்கின. பொறியைத் திருத்துவதற்குப் பதிலாக உலோகத்தையே திருத்திய இம்முயற்சியை உலோகவியலாளரின் சாதனை எனவே கொள்ளவேண்டும். எனினும் மக்கள் இந்நாணயத்தையும் அதிகம் கையாளவில்லை.

ஏனைய நாடுகளின் அனுபவமும் சிறிது நோக்கத்தக்கது. ஐரோப்பிய மத்திய வங்கி 2013ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி புதிய ஐந்து யூரோத் தாளை வெளியிட்டபோது, பல நாடுகளிற் சீட்டு விற்கும் பொறிகளும் சிகரெட்டுப் பொறிகளும் அதனை ஏற்க மறுத்தன. அதிலிருந்து பாடம் கற்ற வங்கி, 2014 செப்ரெம்பரில் வந்த பத்து யூரோத் தாளை ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முன்னதாகவே கருவி செய்வோருக்குச் சோதிக்கக் கொடுத்தது. 2019 மே மாதம் நூறு, இருநூறு யூரோத் தாள்கள் வந்தபோது அவற்றின் உயரம் குறைக்கப்பட்டு, ஐம்பது யூரோவின் உயரமான 77 மில்லிமீற்றருக்குக் கொண்டுவரப்பட்டது. பொறிகள் கையாள்வதற்கு வசதி என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயினும் நீளத்தில் ஒவ்வொரு பெறுமதிக்கும் வேறுபாடு பேணப்பட்டமையால், தடவி அறிவோருக்கு வழி முற்றாக அடைபடவில்லை.

யப்பானில் அவகாசம் தாராளமாகவே இருந்தது. 2024 யூலை 3ஆம் திகதி வெளியான மூன்று புதிய யென் தாள்கள் பற்றிய அறிவித்தல் 2019 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. இருந்தும் வெளியீட்டு வேளையில் நிதியமைச்சின் மதிப்பீட்டின்படி வங்கிப் பொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தயாராயிருக்க, உணவகச் சீட்டுப் பொறிகளில் ஏறத்தாழ அரைவாசியும் பானப் பொறிகளில் 20 முதல் 30 வீதமுமே தயாராயிருந்தன. ஐந்தாண்டு அவகாசம் வங்கிக்கு உதவியது. நூடில்ஸ் கடைக்காரருக்கு உதவவில்லை. யப்பானியச் சிறு உணவகங்களில் வாசலில் உள்ள பொறியிற் சீட்டு வாங்கியே உணவு பெறுவது வழக்கம். பொறியை மாற்றப் பல இலட்சம் யென் வேண்டும். ‘றாமென்’ எனும் நூடில்ஸ் கோப்பை ஒன்றின் விலை ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அத்தொழிலில் உள்ளோரின் நீண்டகால அச்சம். செலவை விலையில் ஏற்றவும் முடியாது. பொறியை மாற்றாதிருக்கவும் முடியாது. சில உள்ளூராட்சி மன்றங்கள் மானியம் வழங்கின. வேறிடங்களிற் புதிய தாளைக் கொண்டுவருபவருக்குப் பழைய தாளை மாற்றிக் கொடுக்க ஊழியர் ஒருவர் பொறியருகே நிற்கவேண்டியதாயிற்று. ஆளைக் குறைக்க வைத்த பொறிக்கு ஆள் தேவைப்பட்ட கதை இது.

அவகாசமே இல்லாதபோது நிகழ்வதை இந்தியா 2016இற் கண்டது. நவம்பர் 8ஆம் திகதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாத் தாள்கள் செல்லாதெனப்பட்டன. புழக்கத்திலிருந்த தாட்பணத்தின் பெறுமதியில் நூற்றுக்கு 86 வீதமானவை அவையே. புதிய ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாத் தாள்களின் அளவு வேறு. நாடெங்குமுள்ள பணம் வழங்கும் பொறிகளின் பெட்டகங்கள் பழைய அளவுக்கே அமைந்திருந்தன. இரகசியம் காக்க வேண்டியிருந்தமையால் அவற்றை முன்கூட்டித் திருத்தவும் இயலவில்லை. தொழிலாளர் ஒவ்வொரு பொறியாகச் சென்று திருத்தி முடிக்கும்வரை மக்கள் வரிசையில் நின்றனர். விற்பனைப் பொறி மறுத்தால் தாகத்தோடு போகலாம். அன்றாடக் கூலி வாங்குபவருக்கு இது அத்தகைய காரியமன்று.

அமெரிக்காவுக்கு மீள்வோம். அங்கே தாள் அனைத்தும், பெறுமதி எதுவாயினும், 1929 முதல் ஒரே அளவின: 156 மில்லிமீற்றர் நீளம், 66 மில்லிமீற்றர் அகலம். பொறிக்கு இதைவிட வசதியில்லை. ஒரே வாய், ஒரே பாதை, ஒரே பெட்டி. ஆனால் விழிப்புலனற்ற ஒருவரின் விரல்களுக்கு ஒரு டொலரும் நூறு டொலரும் ஒன்றே. அவர் பிறர் சொல்லை நம்பித் தாளை மடித்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க விழிப்புலனற்றோர் பேரவை இதனை எதிர்த்துத் திறைசேரிமீது வழக்குத் தொடுத்தது. 1973ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுச் சட்டத்தை இத்தாள்கள் மீறுகின்றன என 2006 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் றொபேட்சன் தீர்ப்பளித்தார். 2008 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மாற்றத்தின் சுமை பற்றி அரசு எடுத்துவைத்த வாதங்களிற் பொறியுரிமையாளர் சுமக்க வேண்டிய செலவும் அடங்கியிருந்தது. ஒரு பக்கம் காணாத கண். மறுபக்கம் காணாத பொறி. இரண்டினுள் எதன்பொருட்டுத் தாளை அமைப்பது என்பதே நீதிமன்றின் முன்னிருந்த வினா எனச் சொல்லின் அது மிகையாகாது.

2011இல் திறைசேரி ஏற்றுக்கொண்ட திட்டத்தில் தாளின் அளவு மாறவில்லை. தடவியறியத்தக்க மேடான குறி ஒன்றை அடுத்துவரும் வடிவங்களிற் சேர்ப்பது, தெளிவான பெரிய இலக்கங்களைத் தொடர்வது, தகுதியுடைய விழிப்புலனற்றோருக்குத் தாளைப் படிக்கும் கையடக்கக் கருவியை இலவசமாக வழங்குவது என்பன அதன் கூறுகள். 2008ஆம் ஆண்டு ஐந்து டொலரின் பெரிய ஊதா ஐந்து, பார்வை குன்றியோருக்கென்றே இடப்பட்டதாகும். விற்பனைப் பொறிக்குத் தொல்லை கொடுத்த அதே தாள்தான் அது. கையடக்கக் கருவிகள் 2014ஆம் ஆண்டளவில் வழங்கப்படத் தொடங்கின. சட்டைப்பையில் அடங்கும் அக்கருவியின் வாயிலே தாளின் ஓர் அந்தத்தைச் செருகி விசையை அழுத்தினால், அது பெறுமதியைக் குரலிலே சொல்லும். பயனுள்ள கருவிதான், அதனைப் பெற்றவர்கள் மகிழ்ந்திருப்பர். ஆயினும் அதன் பொருளை எண்ணிப்பார்க்க வேண்டும். தாளை மனிதருக்கேற்ப மாற்றுவதற்கு முன்னரே, மனிதர் கையில் ஒரு வலிடேற்றர் கொடுக்கப்பட்டுவிட்டது. அதற்கும் புதிய தாள் வரும்போதெல்லாம் புதிய செய்நிரல் ஏற்றவேண்டியிருக்கும்.

மேடான குறி தாங்கிய முதல் தாளாகப் பத்து டொலரை அமெரிக்க அச்சகம் தெரிந்துள்ளது. 2026ஆம் ஆண்டு அதற்குக் குறிக்கப்பட்டது. ஐம்பது, இருபது, ஐந்து, நூறு டொலர்கள் அதன் பின்னர் ஒவ்வொன்றாக வருமென அட்டவணை கூறுகின்றது. ஒவ்வொன்றும் வரும்போது பொறியுரிமையாளரும் தொழிலாளரும் மேலே விபரித்த வேலையை மீண்டும் தொடங்கவேண்டும். அட்டவணையில் ஒரு டொலர் இல்லை. நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் திட்டமும், சட்டப்படி மாற்றத்தக்க தாள்களுக்கே பொருந்தும் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு டொலரை மாற்றலாகாது என்பதோ ஒதுக்கீட்டுச் சட்டம். ஆகவே பொறியின் முன் நிற்கும் விழிப்புலனற்றவர், எந்தத் தாளில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லையோ அதனையே ஒரு டொலர் எனக் கொண்டு வாயிற் செலுத்துவார். பொறி அதனை ஏற்றுக்கொள்ளும்.